காரணம் சொல்ல வருகிறவர்கள்

கேள்வி: என் மகன் ரத்தப் புற்றுநோயில் போய் ஒன்பது மாதம் ஆகிறது. ஏழு வயது. துக்கம் விசாரிக்க வந்த இடத்திலேயே என் கணவரின் அத்தை, "போன ஜென்மத்துல யார் குடியைக் கெடுத்தீங்களோ" என்றார். ஜோசியர் நாக தோஷம் என்கிறார். கணவர் பரிகாரம் என்று கோயில் கோயிலாக அலைகிறார். பிள்ளையின் பெயரைக்கூட எடுப்பதில்லை. பக்கத்து வீட்டு அக்கா, "ஆண்டவர் தாம் நேசிக்கிறவங்களைத்தான் சோதிப்பார்" என்கிறார். கூட வேலை பார்க்கும் தோழி, "அல்லாஹ்வோட நாட்டம், பொறுமையா இரு" என்கிறாள். இதில் எது உண்மை? நான் செய்த பாவமா என் பிள்ளையைக் கொன்றது? விளக்கேற்றுவதை நிறுத்திவிட்டேன். ராத்திரியில் தூக்கமே இல்லை.
— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: சகோதரி, பாவமா என்று கேட்டீர்களே, அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உருவாகும்போது மரபணுவில் நேரும் பிழையில் இந்த நோய் தொடங்குகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது ஏன் நேர்ந்தது என்று மருத்துவர்களாலேயே சொல்ல முடிவதில்லை. கர்ப்பத்தில் நீங்கள் சாப்பிட்டது, சாப்பிடாதது, புற்றுக்குப் பால் ஊற்றாமல் விட்டது எதுவும் இந்தக் கணக்கில் வராது.

இனி, எது உண்மை என்ற கேள்வி. மதங்களுக்கு மார்க் போடுகிற தகுதி எனக்கில்லை. ஆனால் உங்களிடம் வந்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் மதத்தில் பாதியைத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

பைபிளில் யோபு என்று ஒருவர். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்தவர். பார்க்க வந்த மூன்று நண்பர்கள் ஏழு நாள் ராப்பகலாக அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசாமல். அதுவரை நல்ல நண்பர்கள்தான். வாயைத் திறந்ததும் வந்தது வினை: நீ ஏதாவது செய்திருப்பாய், கடவுள் சும்மா தண்டிப்பாரா? யோபு ஒப்புக்கொள்ளவில்லை. கடவுளையே வழக்குக்கு இழுத்தார். கடைசியில் கடவுள் கோபப்பட்டது யார்மீது தெரியுமா? தன் பக்கம் வாதாடிய அந்த நண்பர்கள்மீது. யோபு என்னைப் பற்றிச் சரியாகப் பேசினான், நீங்கள் பேசவில்லை என்றார். இத்தனைக்கும் யோபுவுக்குக் கடைசிவரை காரணம் சொல்லப்படவில்லை. அக்காவை அடுத்த முறை பார்க்கும்போது அந்த ஏழு நாள் மௌனத்தை நினைவுபடுத்துங்கள்.

உங்கள் தோழி சொன்ன பொறுமைக்கும் இன்னொரு பக்கம் உண்டு. நபிகள் நாயகத்தின் மகன் இப்ராஹிம் பச்சிளம் வயதில் இறந்தபோது அவர் கண் கலங்கி அழுதார். அன்றே சூரிய கிரகணமும் வந்தது. பிள்ளை இறந்ததற்காக வானமே இருண்டது என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். துக்கத்தில் இருக்கும் எந்தத் தகப்பனுக்கும் ஆறுதலாக இருந்திருக்கும் பேச்சு. அவர் அதை மறுத்தார்: யாருடைய சாவுக்காகவும் சூரியனும் சந்திரனும் மறைவதில்லை என்றார்.

அத்தையின் 'போன ஜென்மம்' தான் உங்களை அதிகம் அறுக்கிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. வினைக் கொள்கையை நான் கேலி செய்யமாட்டேன். தன் கஷ்டத்தைப் பார்த்து "என் வினை" என்று சொல்லிப் பல்லைக் கடித்துக்கொண்டு பிழைத்துவந்தவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அதே வார்த்தையை அடுத்தவர் வீட்டுச் சாவைப் பார்த்துச் சொன்னால் அது வெறும் கொடுமை. எல்லா வேதனைக்கும் முன்வினைதான் காரணமா என்று கேட்டவரிடம் புத்தர், பித்தம், கபம், வாதம், பருவ மாற்றம் என்று எட்டுக் காரணங்களை அடுக்கி, வினை அந்த எட்டில் ஒன்று என்றார்.

காந்தியே இதில் சறுக்கியிருக்கிறார், அதுவும் உங்கள் ஊரில். 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் பூகம்பம், ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அதே மாதம் 24-ஆம் தேதி திருநெல்வேலியில் பேசியவர், தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை அது என்றார். தீண்டாமையை ஒழிக்கத்தான் பேசினார், சரி. இடிபாடுகளில் நசுங்கிய குழந்தைகள் யாரைத் தீண்டாமல் ஒதுக்கினார்கள்? தாகூர் கடுமையாக மறுத்து எழுதினார். காந்தி அந்த மறுப்பைத் தன் 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே வெளியிட்டார். கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. இதில் நான் தாகூர் கட்சி.

விளக்கேற்றாதது குற்றமா என்று பயப்படுகிறீர்கள் போலிருக்கிறது. சூலை நோயில் துடித்த திருநாவுக்கரசர் திருவதிகையில் பாடியது "கூற்றாயினவாறு விலக்ககிலீர், கொடுமை பல செய்தன நான் அறியேன்" என்றுதான் தொடங்குகிறது. உரைகாரர்கள் இதற்கு முற்பிறவிக் கணக்கு எழுதுவார்கள். என் காதில் விழுவது வலி தாங்காதவரின் முறையீடு. கண்பார்வை போன சுந்தரர் திருவாரூரில் சிவனைப் பார்த்து "வாழ்ந்து போதீரே" என்றார். நல்லா இரும் சாமி என்று நாம் வயிறெரிந்து சொல்வோமே, அதேதான். இரண்டையும் சிவன் கோயிலிலேயே நின்று ஓதுவார்கள் பாடுகிறார்கள். நீங்கள் விளக்கேற்றாமல் இருப்பதும் அந்த வகைச் சண்டைதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றத் தோன்றினால் ஏற்றுங்கள், யாருக்காகவும் வேண்டாம்.

அத்தைக்கு ஒரே பதில் போதும். "டாக்டருக்கே காரணம் தெரியலை. இனிமே இந்தப் பேச்சு நம்ம வீட்ல வேண்டாம் அத்தை." இதை உங்கள் கணவர் சொல்வதுதான் முறை.

அவருடைய பரிகார அலைச்சலை உடனே தடுக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடிய கால்கள், இப்போது ஓட இடமில்லாமல் கோயிலுக்கு ஓடுகின்றன. கடன் வாங்கிச் செய்யும் பரிகாரத்துக்கு மட்டும் கண்டிப்பாக மறுப்புச் சொல்லுங்கள். ஒருமுறை நீங்களும் கூடப் போங்கள், சாமி கும்பிட அல்ல. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளையின் பெயரை நீங்கள் முதலில் எடுங்கள். அவர் அழுதால் அழட்டும்.

ஒன்பது மாதமாகத் தூக்கமில்லை என்பதைத் தள்ளிப்போட வேண்டாம். உங்கள் ஊர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அரசு நடத்துவது, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள்.