டிசைன் அறைக்கு ஒரு பொதுப் பெட்டி: ரூ.50,000ஐ எப்படிச் செலவழிப்பது?

கேள்வி: சிவகாசியில் சின்ன ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறோம். டிசைன் அறையில் ஆறு கம்ப்யூட்டர்கள். கோரல்டிரா, போட்டோஷாப் ஃபைல்கள் எல்லாம் சேர்த்து 600 ஜிபி இருக்கும். ஒரு டிசைனரின் கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபோல்டரைத்தான் எல்லாரும் ஷேர் செய்துகொள்கிறோம். அவர் ரீஸ்டார்ட் போட்டால் மற்ற ஐந்து பேரும் சும்மா உட்கார வேண்டியதுதான். ஆடிப்பெருக்குக்குள் காலண்டர் ஆல்பம் முடிய வேண்டும். கடைக்காரர் நாலு டிஸ்க் போடும் நாஸ் பெட்டியை (எல்லாருக்கும் பொதுவாக நெட்வொர்க்கில் ஃபைல் வைக்கும் பெட்டி) வாங்கச் சொல்கிறார். கையில் ரூ.50,000 இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: நாஸ் வாங்கலாம். நாலு டிஸ்க் பெட்டி வேண்டாம், 600 ஜிபிக்கு இரண்டு டிஸ்க் பெட்டியே தாராளம்.

ஆனால் கடைக்குப் போகும் முன் விண்டோஸ் நெட்வொர்க் அமைப்பில் லிங்க் ஸ்பீடு என்ன காட்டுகிறது என்று ஆறு கம்ப்யூட்டரிலும் பாருங்கள். 1000 எம்பிபிஎஸ், அதாவது கிகாபிட், என்றால் சரி. 100 என்றால் எந்தப் பெட்டி வாங்கினாலும் நொடிக்கு 11, 12 எம்பிக்கு மேல் வராது. 1 ஜிபி ஃபைல் திறக்க ஒன்றரை நிமிடம் ஆகும். கிகாபிட்டில் அதே ஃபைல் பத்து நொடியில் வந்துவிடும். 100 காட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் பழைய சுவிட்சாக இருக்கும், இல்லாவிட்டால் கேபிள். எட்டுக் கம்பியில் நாலை மட்டும் கிரிம்ப் செய்துவிட்டுப் போயிருப்பார்கள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு அது போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். சில நூறு ரூபாயில் முடிகிற இந்த வேலையைச் செய்யாமல் ‘நாஸ் ஸ்லோவாக இருக்கிறது’ என்று புலம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் பெட்டி. விளம்பரத்தில் காட்டுவது பெரும்பாலும் வெறும் பெட்டியின் விலைதான், டிஸ்க் தனி. சீகேட் அயர்ன்வுல்ஃப், டபிள்யூடி ரெட் பிளஸ் போல நாஸுக்கென்றே வரும் டிஸ்க்குகளை வாங்குங்கள். சிஎம்ஆர் வகையா (பதிவுத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதது) என்று கேட்டு வாங்குங்கள். 2020இல் டபிள்யூடி ரெட் வரிசையின் சில டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் வகை (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பது) என்பது சொல்லாமலே விற்கப்பட்டது தெரியவந்து பெரிய சர்ச்சையானது. எஸ்எம்ஆரில் தொடர்ந்து எழுதும்போது வேகம் படுத்துவிடும்.

4 டிபி டிஸ்க் இரண்டு போட்டு ரெய்டு 1 வைத்தால் கிடைக்கும் இடம் 4 டிபிதான், 8 அல்ல. ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதியும், இதைத்தான் மிரர் என்பார்கள். ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காது. ஆனால் இதை பேக்கப் என்று நினைத்துவிடாதீர்கள். நான் முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில் மிரர் இருக்கிறதே என்ற தைரியத்தில் வேறு காப்பி எடுக்காமல் இருந்தோம். ஒரு மதியம் யாரோ ஒரு வருட வேலை இருந்த ஃபோல்டரை அழித்துவிட்டார். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் போனது.

அதனால் வெளியே வைக்க யூஎஸ்பி டிஸ்க் இரண்டு வாங்குங்கள். ஒன்றில் இந்த வாரம் காப்பி, மற்றது உங்கள் வீட்டில். அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளுங்கள். பட்ஜெட் இடித்தால் நாஸ் டிஸ்க்கை 2 டிபியாகக் குறையுங்கள், யூஎஸ்பி டிஸ்க்கில் கை வைக்காதீர்கள். ஜிஎஸ்டி எண் போட்ட பில் கேட்டு வாங்கினால் வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம்.

மாடல் பார்க்கும்போது ஸ்னாப்ஷாட் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். நேற்றைய நிலைக்கு ஃபோல்டரைத் திருப்புவது அதுதான். சினாலஜி கம்பெனி மாடல்களில் டிஎஸ்223இல் இருக்கிறது, மலிவான டிஎஸ்223ஜேயில் இல்லை. உங்கள் மாதிரி ஆறு பேர் ஒரே ஃபைலில் கை வைக்கும் இடத்தில் அந்த விலை வித்தியாசம் கொடுக்கத் தகும்.

வீட்டிலிருந்து ஃபைல் பார்க்கலாம் என்று நாஸை நேராக இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) அப்படித் திறந்திருந்த க்யூநாப் கம்பெனியின் நாஸ் பெட்டிகளைத்தான் பூட்டியது. பெட்டிக்கு ஒரு சின்ன யூபிஎஸ்ஸும் வேண்டும். அதன் யூஎஸ்பி ஒயரை நாஸில் சொருகி, நாஸ் அமைப்பில் யூபிஎஸ் வசதியை ஆன் செய்தால், கரண்ட் போனதும் நாஸ் தானே ஒழுங்காக அணைந்துகொள்ளும்.

கேள்வி: மூன்று பேர் வேலை செய்யும் வரி ஆலோசகர் அலுவலகம். டேலி டேட்டா, பிடிஎஃப், எக்செல் எல்லாம் சேர்த்து 40 ஜிபி. எங்களுக்கும் நாஸ் தேவையா?

பதில்: தேவையில்லை. வேறு வேலைக்குப் பயன்படுத்தாத கம்ப்யூட்டர் ஒன்று இருந்தால் அதில் ஃபோல்டரை ஷேர் செய்து, எப்போதும் ஆனில் வையுங்கள். சாதாரண விண்டோஸிலேயே ஒரே நேரத்தில் 20 இணைப்பு வரை அனுமதி உண்டு. பிடிஎஃப், எக்செல்லுக்குக் கிளவுடு கணக்கும் போதும். டேலியின் டேட்டா ஃபோல்டரை மட்டும் கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்ற சிங்க் ஃபோல்டருக்குள் போடாதீர்கள். டேலி எழுதிக்கொண்டிருக்கும் ஃபைலை நடுவில் சிங்க் தூக்கினால் டேட்டா கெட்டுப்போகலாம். மாலையில் டேலியிலேயே பேக்கப் எடுத்து, அந்தக் காப்பியை மட்டும் கிளவுடுக்கு அனுப்புங்கள். இன்னொன்று: மூன்று பேரும் ஒரே நேரத்தில் டேலி திறக்க கோல்டு லைசன்ஸ் வேண்டும். சில்வர் ஒருவருக்குத்தான்.