குழுத் தலைவரான மகனைப் பற்றி ஒரு தாய்க்கு

மதிப்புக்குரிய அம்மா,

சென்ற மாதம் கொழும்பு வெள்ளவத்தையில் என்னைச் சந்தித்தபோது, மகன் குழுத் தலைவராகப் பதவி உயர்வு பெற்ற நான்கு மாதங்களில் ஆளே மாறிவிட்டார் என்றும், இராஜினாமாச் செய்துவிட்டு அரசாங்க உத்தியோகத்துக்கோ வெளிநாட்டுக்கோ முயற்சி செய்வது நல்லதல்லவா என்றும் கேட்டீர்கள். அவரோடு தனியாகப் பேசாமல் பதில் சொல்வது முறையாகாது என்பதால் அன்று பேசாதிருந்தேன். இப்போது மூன்று தடவை பேசிவிட்டேன். அவர் சம்மதித்த விடயங்களை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

இராஜினாமாக் கடிதத்துக்கு இப்போது அவசியம் இல்லை என்பதே எனது கருத்து. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாடு, தொழில் தரும் சோர்வை ஒரு நோயாகக் கொள்ளாமல், சரிவரக் கையாளப்படாத வேலை அழுத்தத்தின் விளைவாக விவரித்து, சக்தி வற்றிப்போதல், வேலையின்மீது வெறுப்பும் விலகலும் தோன்றுதல், செயற்றிறன் குறைதல் என்று அதற்கு மூன்று அடையாளங்களைக் கூறுகிறது. உங்கள் மகனிடம் முதலாவதை மட்டுமே கண்டேன். தமது குழுவிலுள்ள எட்டுப் பேரைப் பற்றியும் அவர் இன்னமும் அக்கறையோடுதான் பேசுகிறார். நான் மருத்துவன் அல்லன் என்பதால், தூக்கமின்மை நீடித்தால் மருத்துவரைக் காணும்படி சொல்லியிருக்கிறேன். தேசிய மனநல உதவிச் சேவையின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்திருக்கிறேன்.

அமைதியான தலைவர் என்றால் கோபமே வராதவர் என்று அவர் எண்ணியிருந்தார். ஆகவே கொள்ளுப்பிட்டி அலுவலகத்தில் பகல் முழுவதும் விழுங்கிய கோபம், இரவில் கொட்டாஞ்சேனையில் உங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. ஒரு சிறிய கொப்பியில், மனம் கொதித்த நேரத்தையும் அப்போது எழுந்த உணர்ச்சியின் பெயரையும் எழுதி வரச் சொன்னேன். 'டென்ஷன்' என்ற சொல்லை மட்டும் எழுதக் கூடாது என்பது நிபந்தனை. வெட்கம், பயம், ஏமாற்றம், அவமானம் எல்லாவற்றையும் நம் பிள்ளைகள் அந்த ஒரே சாக்குக்குள் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். உளவியலாளர் மத்தியூ லீபர்மனும் அவருடைய குழுவினரும் 2007இல் வெளியிட்ட மூளைப்படிம ஆய்வொன்றில், உணர்ச்சி தெரியும் முகங்களைப் பார்ப்பவர்கள் அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொல்லும்போது, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப்பகுதியின் செயற்பாடு தணிந்தது. கொப்பியை நான் பரிந்துரைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்று வாரக் குறிப்புகளில், வேலை இலக்குகளைப் பற்றிய கோபம் மிகக் குறைவாகவே இருந்தது. பெரும்பாலானவை சிங்களத்தில் நடத்திய காலைக் கூட்டங்களுக்குப் பின்னர் எழுதப்பட்டிருந்தன. தமிழ் மொழிமூலம் படித்த அவருக்குக் கடையிலும் பஸ்ஸிலும் பேசப் போதுமான சிங்களம் உண்டு. ஒருவருடைய பிழையை மனம் நோகாமல் எடுத்துச் சொல்வதற்கு வேண்டிய சிங்களம் இல்லை. சொற்கள் போதாதபோது வாக்கியம் குறுகுகிறது, குறுகிய வாக்கியம் கேட்பவருக்கு அதட்டலாக ஒலிக்கிறது, அவர்கள் 'ஹரி' (சரி) என்று மட்டும் சொல்லி மௌனமாகிறார்கள், அந்த மௌனத்தை இவர் அவமதிப்பாக எடுத்துக்கொள்கிறார். கொப்பியில் அவர் எழுதியிருந்த சொல் 'வெட்கம்'. அதைத் தாமே வாசித்துக்காட்டிய பிறகு சற்று நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. அரசகரும மொழிகள் திணைக்களம் இராஜகிரியவில் சிங்களப் பயிற்சி நெறிகளை நடத்துகிறது; அங்கே விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். அதுவரை, பிழைகளைக் கூட்டத்தில் சொல்லாமல், உரியவரிடம் தனியாக ஆறுதலாகச் சொல்லலாம்.

அடுத்தது எல்லை பற்றியது. குழுவில் தமிழர்கள் அவரை 'அண்ணா' என்கிறார்கள், சிங்களவர்கள் 'அய்யா' என்கிறார்கள். சிங்களத்தில் அதற்கும் அண்ணன் என்றே பொருள். நம் ஊரில் இந்த உறவுமுறை அலுவலகத்தின் வறட்சியைக் குறைக்கிறது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அண்ணன் என்று அழைக்கப்பட்டவர் அண்ணனுக்குரிய கடமைகள் எல்லாவற்றையும் தலையில் ஏற்றிக்கொண்டார்: இரண்டு பேருக்குக் கடன் கொடுத்திருக்கிறார், இரவு பத்து மணிக்கும் வாட்சப்பில் பிறர் குடும்பப் பிரச்சினைக்குப் பதில் எழுதுகிறார். சம்பளம் எங்கே போகிறது என்ற உங்கள் கேள்விக்கு விடை இதுதான். இதை உங்களுக்குச் சொல்லும்படி அவரே என்னிடம் கேட்டுக்கொண்டார். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வேலை நேரத்தை நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வரையறுக்கிறது. பிறர் கவலையைச் சுமக்கும் நேரத்தைத்தான் எந்தச் சட்டமும் வரையறுப்பதில்லை, அதை அவரே வரையறுத்தாக வேண்டும். "அம்மாவுக்குச் சுகமில்லை என்பதைக் கேட்க வருத்தமாக இருக்கிறது, நாளைய உங்கள் வேலையை வேறொருவருக்கு மாற்றித் தருகிறேன், பணம் மட்டும் என்னால் தர இயலாது" என்று சொல்லிப் பழகினோம். முதல் இரண்டு பகுதிகள் அவருக்கு எளிதாக வந்தன. மூன்றாவது பகுதியைச் சொல்லி முடிக்க நான்கு தடவை முயன்றார்.

இனி எழுதப்போவதற்குச் சற்றுத் தயங்கினேன். அவர் வீட்டுக்குள் கால் வைத்ததும், சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே, "என்ன நடந்தது, ஏன் முகம் இப்படி இருக்கிறது" என்று கேட்பதாக நீங்களே சொன்னீர்கள். உங்கள் கணவர் வெளிநாட்டில் வேலை செய்த ஆண்டுகளில், குசினியில் பாத்திரம் வைக்கப்படும் சத்தத்தைக் கொண்டே மகன் உங்கள் மனநிலையை அறிந்துவிடுவாராம். பிறருடைய மனத்துக்குத் தாமே பொறுப்பு என்ற பழக்கம் அங்கேதான் வேரூன்றியிருக்கிறது. தனியாகப் பிள்ளைகளை வளர்த்த உங்களை நான் குற்றம் சொல்லவில்லை. ஆயினும் ஆமர் வீதிச் சந்தியில் இறங்கி வீடு வரை நடக்கும் நேரத்தை அலுவலகத்தை இறக்கிவைப்பதற்காக அவர் ஒதுக்கியிருக்கிறார். நீங்களும் கேள்விகளை அரை மணித்தியாலம் தள்ளிவைத்து, தேநீரை மட்டும் கொடுங்கள். அவர் சொல்ல விரும்பினால் சொல்வார். சொல்லாவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

வேலை மாறுவதா என்ற கேள்வியை மூன்று மாதங்களுக்குப் பின்னர் மறுபடியும் பார்க்கலாம். அடுத்த சந்திப்புக்கு அவர் தனியாகவே வரட்டும். உங்களுடைய பயத்தைப் பற்றியும் பேச வேண்டும் என்று தோன்றினால் வேறொரு நாளில் வாருங்கள். அன்று அவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.