மறு: எலக்ட்ரான் ஏன் அணுக்கருவில் விழுவதில்லை?
வணக்கம் ஐயா. கோள் சூரியனைச் சுற்றுவது போல எலக்ட்ரானும் கருவைச் சுற்றுவதில் என்ன சிக்கல் என்று, சுங்கை சிப்புட் தோட்ட மண்டபத்தில் நீங்கள் நடத்தும் மாலை வகுப்பில் ஆறாம் படிவ மாணவி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அருமையான கேள்வி; பாடக்குறிப்புகள் பல இதை ஒரே வரியில் கடந்துவிடுவது வருத்தத்துக்குரியது.

எலக்ட்ரானுக்கு மின்னூட்டம் உண்டு என்பதிலிருந்து தொடங்குங்கள். வட்டப்பாதையில் செல்லும் எலக்ட்ரான் இடைவிடாமல் திசை மாறுவதால் முடுக்கம் பெறுகிறது. முடுக்கம் பெறும் மின்னூட்டம் மின்காந்த அலைகளை உமிழ்ந்து ஆற்றலை இழக்கும் என்கிறது மேக்ஸ்வெல்லின் கோட்பாடு. அதன்படி பார்த்தால், ஹைட்ரஜனின் எலக்ட்ரான் சுருள்வழியில் இறங்கி, ஏறக்குறைய 10⁻¹¹ நொடியில் கருவில் விழுந்திருக்க வேண்டும். அணுவின் நடுவில் சிறிய கரு உண்டு என்று 1911இல் இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டு சொன்னது சரியே. எலக்ட்ரான்கள் எவ்வாறு நிலைத்திருக்கின்றன என்பதற்குத்தான் அவருடைய மாதிரியில் விடையில்லை.

அந்த மாதிரியின் இரண்டாவது குறையைக் கண்ணாலேயே காட்டலாம். மண்டபத்தில் இருப்பது எல்.இ.டி. அல்லாத பழைய குழல்விளக்கு என்றால், அதன் ஒளியைக் குறுந்தட்டு (சி.டி.) ஒன்றில் சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாதரச ஆவி உமிழும் பச்சையும் ஊதாவும் தனித்தனியே பிரிந்து தெரியும். சுருங்கிக்கொண்டே போகும் எலக்ட்ரானோ நிறங்கள் இடைவெளியின்றித் தொடரும் தொடர் நிறமாலையைத்தான் தர முடியும். இயற்பியலாளர் நீல்ஸ் போர் 1913இல், எலக்ட்ரான் ஆற்றலை இழக்காமல் சுற்றும் நிலைத்த சுற்றுப்பாதைகளை முன்மொழிந்ததை இதற்குப் பிறகு சொன்னால், அதன் தேவை மாணவர்களுக்குத் தானாகவே விளங்கும்.