சிஸ்டர் பதில்கள்: குளிர்வித்த உடம்பும் 42 துடிப்பும்

கேள்வி: சிஸ்டர் அக்கா, நாங்கள் வேலந்தாவளம் பக்கம். போன ஆனி மாதம் தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் (வயது 51) அப்படியே சரிந்துவிட்டார். ஓர் ஆட்டோக்காரத் தம்பி விடாமல் நெஞ்சை அமுக்கினார். ஆம்புலன்ஸில் ஷாக் கொடுத்துத் துடிப்பு வந்தது. கோயமுத்தூரில் ஸ்டென்ட் வைத்தார்கள். அப்புறமும் கண் திறக்கவில்லை. மூளையைக் காப்பாற்ற உடம்பைக் குளிர்விக்க வேண்டும் என்று கையெழுத்துக் கேட்டார்கள், போட்டேன். அன்று ராத்திரி மானிட்டரில் துடிப்பு 42. மணி அடித்துக்கொண்டே இருந்தது. இப்போது வீட்டில் நடமாடுகிறார். ஆனால் என் கொழுந்தன், "அண்ணி போட்ட கையெழுத்தால்தான் அண்ணன் இதயம் நிற்கப் பார்த்தது" என்று ஊரெல்லாம் சொல்கிறார். நான் செய்தது தப்பா?
- ஒரு வாசகி

பதில்: தப்பே இல்லை, தங்கச்சி. 26 வருஷம் ஐசியூவில் நின்றவள் சொல்கிறேன்.

அந்த 42 என்னையும் பயமுறுத்தியிருக்கிறது. முதன்முதலில் ஒருவரைக் குளிர்வித்தபோது எங்களிடம் மெஷின் கிடையாது. அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் பை, ரத்தக்குழாயில் குளிர்ந்த சலைன், அவ்வளவுதான். நடுராத்திரியில் அவர் கையைத் தொட்டால் மார்கழி மாதத்துப் பானை மாதிரி இருந்தது. நாடி ஒன்று வந்து, அடுத்தது வருமா என்று காத்திருக்க வைத்தது. டாக்டரைக் கூப்பிட ஓடினேன். வந்தவர் மானிட்டரைப் பார்க்கவில்லை. குனிந்து மூத்திரப் பையைப் பார்த்தார், பிபி பார்த்தார். "பிபி நிற்கிறது, யூரின் இறங்குகிறது. துடிப்பை விடுங்க சிஸ்டர்" என்றார். அன்றிலிருந்து நானும் முதலில் பையைத்தான் பார்ப்பேன்.

இதயத்துக்குத் தாளம் போடும் இடம் அதன் மேல் அறையில் இருக்கிறது, சைனஸ் முடிச்சு என்பார்கள். உடம்பு 33 டிகிரி செல்சியஸுக்கு (வீட்டுத் தெர்மாமீட்டரில் 91 சொச்சம்) இறங்கினால் அந்த முடிச்சு மெதுவாகிவிடும். அதே நேரத்தில் உடம்பின் ஆக்ஸிஜன் தேவையும் குறைகிறது, ஒரு டிகிரிக்கு சுமார் 6 முதல் 8 சதவீதம். துடிப்புகளுக்கு நடுவே நேரம் கூடுவதால் இதயம் நன்றாக நிரம்பி அடிக்கிறது. பிபி சரியாக இருந்தால் குளிர்ந்த உடம்புக்கு 42 போதும். துடிப்பை ஏற்றப் போடும் அட்ரோபின் ஊசி இந்த மந்தத்தில் பெரிதாக வேலை செய்யாது. பிபி இறங்கினால் உடம்பைக் கொஞ்சம் சூடேற்றுவதுதான் வழி.

ஈசிஜியும் மாறும். அலைகளின் இடைவெளிகள் நீளும். சிலருக்கு உயரமான அலை இறங்கும் இடத்தில் சின்னத் திமில் ஒன்று தெரியும். 1953இல் அதை விவரித்த ஆஸ்பார்ன் என்ற டாக்டரின் பெயரே அதற்கு. உடம்பு சூடானதும் போய்விடும். இன்னொன்று, நடுக்கம். கண்ணுக்குத் தெரியாத நடுக்கம் கூட ஈசிஜி கோட்டைப் புழுபுழுவென்று ஆக்கிவிடும், பழகாதவர்கள் இதயமே தாறுமாறாகத் துடிக்கிறது என்று பதறுவார்கள். நான் நோயாளியின் தாடையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். அங்கே அதிர்வு இருந்தால் அது நடுக்கம், மயக்க மருந்தைக் கூட்டச் சொல்லிக் கேட்க வேண்டும்.

உங்கள் கொழுந்தனின் பயத்தில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 30 டிகிரிக்குக் கீழே போனால் மேல் அறைத் துடிப்பு குலையும், 28க்குக் கீழே உயிருக்கே ஆபத்து. அதனால்தான் வெப்பத்தை உள்ளிருந்தே அளக்கும் ஒரு கம்பியை வைத்து 32க்குக் கீழே இறங்காமல் காக்கிறோம். எனக்கு அதைவிடப் பெரிய கவலை பொட்டாசியம். குளிரில் அது செல்லுக்குள் போய் ஒளிந்துகொள்ளும், ரத்தத்தில் குறையும். சூடேற்றும்போது திரும்ப வெளியே வரும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் ஒரேயடியாக ஏறித் துடிப்பைக் கெடுக்கும். அதனால் மணிக்கு கால் டிகிரி, மிஞ்சினால் அரை டிகிரி. கால் டிகிரி கணக்கில் 33இலிருந்து 37க்கு வர 16 மணி நேரம். அந்த 16 மணி நேரமும் நான் கட்டிலை விட்டு நகர மாட்டேன்.

ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்து 2002இல் வெளியான இரண்டு ஆய்வுகளுக்குப் பிறகுதான் இந்தச் சிகிச்சை பரவலாயிற்று. 2013இல் 33க்கும் 36க்கும் பலனில் வித்தியாசம் இல்லை என்று வந்தது. 2021இல் வந்த பெரிய ஆய்வில், 33க்குக் குளிர்வித்தவர்களும் காய்ச்சல் மட்டும் வராமல் பார்த்துக்கொள்ளப்பட்டவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் பிழைத்தார்கள். பிபியைப் பாதிக்கும் அளவுக்குத் துடிப்புக் கோளாறு வந்தது குளிர்வித்தவர்களில் 24 சதவீதம், மற்றவர்களில் 17. அதனால் இப்போது பல இடங்களில் காய்ச்சலைத் தடுப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனாலும் அமெரிக்க இதயச் சங்கத்தின் 2023 வழிகாட்டுதல் 32இலிருந்து 37.5 வரை எதையும் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது. டாக்டர்கள் அந்த வரம்புக்குள் ஒன்றைத் தேர்ந்தார்கள், நீங்கள் நம்பிக் கையெழுத்துப் போட்டீர்கள். இதைக் கொழுந்தனிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள். அந்த ஆட்டோத் தம்பியை ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடுங்கள். அவர் கை நின்றிருந்தால் நீங்கள் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டீர்கள்.

சூடேற்றிய பிறகு எடுத்த ஈசிஜியைக் கேட்டு வாங்கி வையுங்கள். குளிரில் நீண்ட க்யூடி என்ற இடைவெளி திரும்பக் குறைந்திருக்க வேண்டும். குறையாமல் இருந்தால் இதய டாக்டரிடம் காட்டிக் காரணம் கேளுங்கள், சிலருக்கு இது பரம்பரையாக வருவது என்பதால் பிள்ளைகளுக்கும் ஈசிஜி தேவைப்படலாம். நம் பக்கத்தில் வாளையாருக்கு அந்தப் பக்கம் ஒரு டாக்டர், இந்தப் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப் என்று ஓடுகிறோம். அசித்ரோமைசின், டோம்பெரிடோன் மாதிரி சாதாரணமாக வாங்கும் மாத்திரைகள் கூட க்யூடியை நீட்டும். டிஸ்சார்ஜ் காகிதத்தைக் காட்டாமல் ஒரு மாத்திரையும் வாங்காதீர்கள்.

கேள்வி: பிறந்ததும் அழாத என் பேரனை மூன்று நாள் குளிர்வித்தார்கள், துடிப்பு 90. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அதே நிலைமை. வேறு ஆஸ்பத்திரியில் குளிர்விக்கவே இல்லை. அங்கே அலட்சியமா?
- ஒரு தாத்தா, கோவிந்தாபுரம்

பதில்: அலட்சியம் என்று சொல்ல முடியாது, ஐயா. பச்சைக் குழந்தைக்கு 120 முதல் 160 துடிப்பு இருக்கும், 33.5 டிகிரியில் 80, 100 என்று இறங்குவது எதிர்பார்த்ததே. பிறந்த 6 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 72 மணி நேரம் வைப்பார்கள். ஆனால் இந்தியா, இலங்கை, வங்காளதேசத்தில் 408 குழந்தைகளிடம் நடத்தி 2021இல் வெளியான ஆய்வில் குளிர்வித்ததால் நன்மை தெரியவில்லை, இறப்பும் அந்தப் பக்கமே கூடுதலாக இருந்தது. அதற்குப் பிறகு நம் ஊர் டாக்டர்களில் பலர் யோசித்துத்தான் செய்கிறார்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் காது கேட்கும் பரிசோதனையையும் தலைச் சுற்றளவு பார்க்கும் தேதிகளையும் தவறவிடாமல் கூட்டிப்போங்கள்.