ஒரே பாட்டு மூன்று தடவை: சார்லி பார்க்கர் தொகுப்பு வாங்கும் முன்

கேள்வி: கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோனைக் கேட்டு வளர்ந்தவன் நான். அதே ஆல்டோ சாக்ஸபோனில் ஜாஸ் கேட்க ஆசை. ‘பீபாப் வகை ஜாஸ் என்றால் சார்லி பார்க்கர், அங்கே தொடங்கு’ என்கிறார் நண்பர். தேடினால் ‘பெஸ்ட் ஆஃப்’, ‘எசென்ஷியல்’, ‘கம்ப்ளீட்’ என்று பக்கம் பக்கமாக வருகிறது. சவாய், டயல் என்ற இரண்டு கம்பெனிகளுக்காக அவர் வாசித்த பதிவுகள் முழுவதும் அடங்கிய எட்டு சிடி பெட்டி ஒன்று தள்ளுபடியில் கிடைக்கிறது. ஒரேயடியாக அதையே வாங்கிவிடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். 2000-இல் வந்த அந்தப் பெட்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஜாஸ் தொகுப்புகளில் ‘கம்ப்ளீட்’ என்றால் நிஜமாகவே முழுவதும்தான். ஸ்டூடியோவில் ஒரு பாட்டை மூன்று முறை வாசித்திருந்தால் மூன்றும் (ஒவ்வொன்றையும் ‘டேக்’ என்பார்கள்) இருக்கும். பாதியில் தவறி நின்றுபோனதும் இருக்கும். அதுவும் வாசித்த வரிசையில், அடுத்தடுத்து.

இப்படி ஒரு பெட்டியைப் பல வருடங்களுக்கு முன் ஆசையாக வாங்கிவந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போட்டேன். கால் மணி நேரம் கழித்து, “தட்டு கீறியிருக்கிறதா? சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகிறதே” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. கீறவில்லை. அது மூன்றாவது டேக்.

பழகிய காதுக்கு இதில் பெரிய சுகம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 1945 நவம்பர் 26 அன்று சவாய் கம்பெனிக்காகப் பதிவான ‘கோ-கோ’வை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் டேக்கில் பார்க்கரும் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியும் முன்னுரையை வாசித்துவிட்டு ‘செரோக்கி’ என்ற பிரபலமான பழைய பாட்டின் மெட்டுக்குள் நுழைகிறார்கள். உடனே குரல் கொடுத்து நிறுத்துகிறார்கள். அந்த மெட்டு வந்தால் பழைய பாட்டின் உரிமையாளருக்கு ராயல்டி தர வேண்டியிருக்கும் என்பதுதான் காரணம் என்று சொல்லப்படுகிறது. நம் ஊரில் மெட்டை வைத்துக்கொண்டு வார்த்தையை மாற்றுவார்கள். பீபாப்காரர்கள் அடியில் ஓடும் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டம்) வரிசையை வைத்துக்கொண்டு மெட்டைத் தூக்கிப் போட்டார்கள். அடுத்த டேக்கில் மெட்டு இல்லை, வெறும் கார்டுகளின் மேல் பார்க்கர் பறக்கிறார். மூன்று நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. உடைந்த டேக்கை முதலில் கேட்டவருக்குத்தான் அடுத்தது எவ்வளவு துணிச்சல் என்று புரியும். ஆனால் அது இரண்டாம் வருடப் பாடம்.

நீங்கள் தேட வேண்டியது ‘மாஸ்டர் டேக்ஸ்’ என்ற சொல். எடுத்த டேக்குகளில் வெளியிடுவதற்கென்று தேர்ந்தது மட்டும் அதில் இருக்கும். சவாய், டயல் இரண்டின் மாஸ்டர் டேக்குகளும் மூன்று சிடிகளில் தனியாக வந்திருக்கின்றன.

அடுத்து கம்பெனி. பார்க்கரின் ஸ்டூடியோ வேலையில் முக்கியமானவை மூன்று இடங்களில் கிடக்கின்றன: நியூ ஜெர்சியின் சவாய், ஹாலிவுட்டில் ஒரு இசைத்தட்டுக் கடைக்காரரான ராஸ் ரஸ்ஸல் தொடங்கிய டயல், பிறகு நார்மன் கிரான்ஸ் தயாரித்து இன்று வெர்வ் பெயரில் விற்பனையாகும் பதிவுகள். உரிமைகள் தனித்தனி என்பதால் ‘எசென்ஷியல்’ என்று அட்டையில் போட்டிருந்தாலும் உள்ளே ஒரே கம்பெனியின் சரக்குதான் இருக்கும் வாய்ப்பு அதிகம். வெர்வ் வெளியிடும் ‘சிறந்தவை’யில் ‘கோ-கோ’வின் 1945 பதிவை எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். மூன்றையும் கலந்து, ஓரளவு நேர்மையாகத் தேர்ந்தெடுத்தது ரைனோ 1997-இல் வெளியிட்ட ‘யார்ட்பேர்ட் சூட்’ என்ற இரண்டு சிடி தொகுப்பு. என்னிடம் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறேன். பழைய சிடி விற்பவர்களிடம் தேட வேண்டியிருக்கலாம்.

அது கிடைக்காவிட்டால் எந்தத் தொகுப்பானாலும் பின்னட்டையைத் திருப்புங்கள். பதிவான தேதியும் உடன் வாசித்தவர்களின் பெயரும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கீழே வைத்துவிடுங்கள். ஐரோப்பாவில் ஒலிப்பதிவுகளின் பதிப்புரிமை முன்பு 50 ஆண்டுகள்தான். பிறகு 70 ஆக நீட்டினார்கள், ஆனால் அதற்குள் காலாவதியானவற்றுக்கு உரிமை திரும்பவில்லை. பார்க்கர் 1955-இல், 34 வயதில் இறந்தவர். ஆகவே அவர் காலத்தில் வெளியானதை அங்கே யார் வேண்டுமானாலும் அச்சடித்து விற்கலாம். விற்கிறார்கள். சிலர் பொறுப்பாகச் செய்கிறார்கள். சிலர் வானொலி ஒலிபரப்பின் இரைச்சலான நகலை ஸ்டூடியோ பதிவுக்குப் பதிலாகச் செருகிவிடுகிறார்கள். தேதி போட்டிருந்தால் இந்த வித்தை தெரிந்துவிடும்.

பட்டியலில் ‘கோ-கோ’, ‘பார்க்கர்ஸ் மூட்’, ‘ஆர்னிதாலஜி’, ‘எம்பிரேசபிள் யூ’, ‘ஜஸ்ட் ஃபிரண்ட்ஸ்’ ஐந்தும் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். கடைசியாகச் சொன்னது 1949-இல் வயலின் குழுவோடு வாசித்தது. சுத்த ஜாஸ்காரர்கள் சிலர் மூக்கைச் சுளிப்பார்கள். நான் சுளிப்பதில்லை, ராகம் கேட்டுப் பழகிய காது முதலில் ஒட்டிக்கொள்வது அதில்தான்.

‘லவர் மேன்’ வந்தால் மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். 1946 ஜூலை 29 அன்று நிற்கவே முடியாத நிலையில் பார்க்கர் அதை வாசித்தார். பின்னர் கமரில்லோ மனநல மருத்துவமனையில் பல மாதங்கள் இருந்தார். அதை வெளியிட்டதற்காக ரஸ்ஸல் மீது அவருக்குத் தீராத கோபம். காதல் பாடல்களின் வரிசையில் அதைச் சேர்த்திருக்கும் தொகுப்பைப் பார்த்தால், தொகுத்தவர் கேட்டுத் தொகுத்தாரா, பெயரைப் பார்த்துத் தொகுத்தாரா என்ற சந்தேகம் எனக்கு வரும்.

கேள்வி: ‘பேர்ட்’ படத்தின் இசை ஆல்பத்தில் ஒலி மிகத் தெளிவாக இருக்கிறது. தொகுப்புக்குப் பதில் அதை வாங்கினால் என்ன?

பதில்: பார்க்கரின் வாழ்க்கையைச் சொல்லும் கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் 1988 படம் அது. பழைய பதிவுகளிலிருந்து பார்க்கரின் சாக்ஸபோனை மட்டும் பிரித்தெடுத்து, பக்கவாத்தியங்களை 80-களின் கலைஞர்களைக் கொண்டு புதிதாக வாசித்துச் சேர்த்தார்கள். தெளிவுக்குக் காரணம் அதுதான். பார்க்கர் வாசித்தது பக்கத்தில் இருந்தவர் வாசித்ததற்குப் பதில் சொல்வதுபோல. அந்தப் பக்கத்து ஆள் மாறிவிட்டால் பேச்சில் பாதி போய்விடுகிறது. படத்துக்குப் பொருந்தும், முதல் ஆல்பமாக வேண்டாம்.

கேள்வி: எல்பியாக வாங்கினால் ஒலி இன்னும் நன்றாக இருக்குமா?

பதில்: பார்க்கரின் சிறந்த பதிவுகளில் பெரும்பாலானவை 78 சுற்றுத் தட்டுக்காகப் பதிவானவை, பக்கத்துக்கு மூன்று நிமிடம், மோனோ. எல்பி அழகுக்கு வாங்கலாம். ‘ஸ்டீரியோ’ என்று பெரிதாக அச்சடித்திருந்தால் பின்னாளில் செயற்கையாக இரண்டாகப் பிரித்தது என்று பொருள். அதைத் தொடாதீர்கள்.

கேள்வி: பழைய தட்டுக் கடையில் மாஸ்ஸி ஹால் கச்சேரி எல்பி வாங்கினேன். அட்டையில் பார்க்கர் பெயரே இல்லை, ‘சார்லி சான்’ என்று இருக்கிறது. போலியா?

பதில்: போலி இல்லை, சிரிக்காதீர்கள். 1953 மே 15 அன்று டொரான்டோவில் பார்க்கர், கில்லெஸ்பி, பட் பவல், சார்லஸ் மிங்கஸ், மேக்ஸ் ரோச் ஐவரும் ஒரே மேடையில் வாசித்தார்கள். அன்றிரவே மார்சியானோ–வால்காட் குத்துச்சண்டை இருந்ததால் அரங்கு நிறையவில்லை. பார்க்கர் அன்று வாசித்தது பிளாஸ்டிக்கில் செய்த கிராஃப்டன் சாக்ஸபோன். தட்டை மிங்கஸும் ரோச்சும் நடத்திய டெபூ கம்பெனி வெளியிட்டது. பார்க்கர் வேறு கம்பெனியின் ஒப்பந்தத்தில் இருந்ததால் சொந்தப் பெயரைப் போட முடியவில்லை. துணைவி சானின் பெயரை ஒட்டவைத்துக்கொண்டார்கள். மிங்கஸின் வாத்தியமான பேஸ் மட்டும் சற்று அதிகமாகத் துருத்திக்கொண்டு கேட்டால் தட்டைக் குறை சொல்லாதீர்கள், மேடையில் சரியாகப் பதியாத தன் பகுதியை மிங்கஸ் பிறகு மறுபடி வாசித்துச் சேர்த்திருக்கிறார். கடைக்காரர் சந்தேகப்பட்டு விலையைக் குறைத்துக் கொடுத்திருந்தால் லாபம் உங்களுக்கு.