வயசான பிறகு ஆனா ஆவன்னா

இரண்டு இதழ்களுக்கு முன்னால், 59 வயதில் வீணை வகுப்பில் சேர்ந்த கதையை இதே பக்கத்தில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி, "இந்த வயசில் இது தேவையா?" என்று கேட்டன. மீதி, "எனக்கும் ஒரு வழி சொல்லுங்கள்" என்றன. முதல் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை. இந்த இதழ் இரண்டாவது பாதிக்கு.

வயது 54. போன மாதம்தான் வீணை வகுப்பில் சேர்ந்தேன். கூட உட்காருவதெல்லாம் மூணாங்கிளாஸ், நாலாங்கிளாஸ் பிள்ளைகள். நான் முதல் ஸ்வரப் பாடமான சரளி வரிசை ஒன்றைத் தட்டுத்தடுமாறி முடிப்பதற்குள் அவர்கள் மூன்று காலமும், அதாவது மூன்று வேகத்திலும், வாசித்துவிடுகிறார்கள். நின்றுவிடலாமா என்றிருக்கிறது. வயசாகிவிட்டால் விரல் வளையாதா அம்மா?
— வாசகி, மன்னார்குடி

விரல் வளையும். வளையாதது வேறொன்று.

என் பக்கத்துப் பாயில் உட்காரும் பெண்ணுக்கு எட்டு வயது. தேன்மிட்டாயைக் கடித்துக்கொண்டே வருவாள். ஒட்டும் விரலைப் பாவாடையில் துடைத்துவிட்டு, இரட்டை ஸ்வரப் பயிற்சியான ஜண்டை வரிசையை ஒரு ஓட்டு ஓட்டுவாள். முடித்ததும் "பாட்டி, உங்க முறை" என்பாள். அவள் வாசிப்பில் தப்பே இல்லை என்று நினைக்காதீர்கள். நிறைய இருக்கிறது. ஆனால் அவளுக்கு அது கேட்பதில்லை. எனக்கோ நாற்பது வருஷமாக ரேடியோவிலும் கோயில் கச்சேரியிலும் நல்ல வீணையைக் கேட்டு வளர்ந்த காது. என் விரல் ஒரு ஸ்வரத்தைத் தொட்டதுமே அந்தக் காது முகத்தைச் சுளிக்கிறது. காது எங்கேயோ முன்னால் போய்விட்டது, விரல் இப்போதுதான் பிறந்திருக்கிறது. உங்களுக்கும் இதே சங்கடம்தான், வயசு இல்லை.

நான் செய்ததைச் சொல்கிறேன். முதல் மூன்று மாதம் வீட்டில் வீணைக் கச்சேரி எதையும் கேட்கவில்லை. ஒப்பிட ஆள் இல்லாவிட்டால் நாமே சுமாராகத் தெரிவோம். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக இரண்டு மணி நேரம் உட்காருவதை விட்டுவிட்டு, தினம் காலையில் பால் காய்ச்சிய பிறகு 20 நிமிஷம் உட்கார்ந்தேன். அதுவும் முதல் காலம் மட்டும். இரண்டாம் காலத்துக்குப் போகச் சொல்லி டீச்சரே கேட்கட்டும்.

இடது கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தந்தி கோடு போடும். மூன்றாவது வாரம் ரசத்துக்குப் புளி கரைக்கையில் எனக்குச் சுரீர் என்றது. கொஞ்ச நாளில் தோல் காய்த்துவிடும். ஒரு துளி தேங்காயெண்ணெய் தொட்டுக்கொண்டால் விரல் தந்தியில் வழுக்கிக்கொண்டு போகும்.

வயசானதில் ஒரு லாபமும் உண்டு. எல்லோருக்கும் முதல் பாடம் ஏன் மாயாமாளவகௌளை ராகத்தில் என்று டீச்சரைக் கேட்டேன். அவர் வீணையின் மெட்டுகளை, அதாவது தந்திக்கு அடியில் வரிசையாக இருக்கும் கட்டைகளை, எண்ணிக் காட்டினார். ச-விலிருந்து ரி ஒரு மெட்டு, அங்கிருந்து க மூன்று மெட்டு, அப்புறம் ம ஒரு மெட்டு. ப-விலிருந்து மேல் ச வரைக்கும் அதே ஒன்று, மூன்று, ஒன்று. பாதியைக் கற்றால் மீதிப் பாதி இலவசம்! இந்த ராகத்தில் பாடத்தை ஆரம்பிக்க வழி செய்தவர் புரந்தரதாசர் என்பார்கள். அன்றைக்கு முழுக்க நான் சமையலறையில் ஒன்று, மூன்று, ஒன்று என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். எட்டு வயதில் யாராவது சொல்லியிருந்தால் தேன்மிட்டாய்தான் முக்கியமாக இருந்திருக்கும்.

வயது 41. மகளைப் பள்ளிக்கூடத்தில் விட ஸ்கூட்டி பழக ஆசை. சைக்கிள்கூடத் தெரியாது. தெருவில் பழகினால் எல்லோரும் பார்த்துச் சிரிப்பார்களே, அக்கா?
— வாசகி, அறந்தாங்கி

அறந்தாங்கியில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறாயே தங்கச்சி! 1990-களின் தொடக்கத்தில் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பக்கபலம். கல் குவாரியில் வேலை பார்த்தவர்கள், வயல் வேலைக்குப் போனவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். உன் தெருவிலேயே அறுபதைத் தாண்டிய அம்மாக்களை விசாரித்துப் பார், யாராவது ஒருத்தர் சிக்குவார்.

அப்போது எனக்கு 27 வயது, அறிவொளித் தொண்டர். ராத்திரி லாந்தர் வெளிச்சத்தில் எழுத்து சொல்லிக்கொடுப்பேன். ஆனால் சைக்கிள் தெரியாது. பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்று அப்பா விட்டதில்லை. எனக்குக் கற்றுக்கொடுத்தது யார் தெரியுமா? என்னிடம் 'அ' எழுதப் பழகிக்கொண்டிருந்த ஒரு குவாரிப் பெண். ராத்திரி நான் அவள் கையைப் பிடித்து எழுத வைப்பேன். விடிகாலையில் அவள் என் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவருவாள். வாடகை சைக்கிள், அதுவும் ஆண்கள் சைக்கிள், நடுவில் பார் வேறு. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினோம். கற்றபிறகு பல பேர் அந்தச் சைக்கிளையே விரும்பிக் கேட்டார்கள். பாரில் பிள்ளையை உட்காரவைத்துக்கொள்ளலாம் அல்லவா?

கேட்டதற்கு வருகிறேன். முதலில் பத்து நாள் மகளின் சைக்கிளை எடு. இரண்டு பாதமும் தரையில் படுகிற மாதிரி சீட்டை இறக்கு. பெடலைத் தொடாதே. லேசான சரிவில் காலால் உந்தி உந்திப் போ. கீழே பார்க்காமல் தூரத்தில் ஒரு மரத்தைப் பார். உடம்பு நிதானம் கற்றுக்கொண்ட பிறகு ஸ்கூட்டிக்கு வா. அதில் ஒரே ஒரு ஆபத்து உண்டு. பயந்தால் கை தானாக இறுகும். சைக்கிளில் கை இறுகினால் ஒன்றும் இல்லை. ஸ்கூட்டியில் வலது கை முறுக்கினால் வண்டி பாயும். நான் அப்படித்தான் ஒரு முறை எங்கள் வீட்டு முருங்கை மரத்தில் போய் முட்டினேன். பயம் வந்த நொடியில் வலது கை மணிக்கட்டைத் தளரவிடுவதை, வண்டியை ஸ்டார்ட் பண்ணாமலே நூறு தடவை பழகு. எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழித்துத்தான் லைசென்ஸுக்குப் போகமுடியும். எல்.எல்.ஆர். ஆறு மாசம் செல்லும், அதனால் அவசரமே இல்லை.

சிரிப்பார்கள்தான். இரண்டு நாள் சிரிப்பார்கள். மூன்றாம் நாளிலிருந்து "பிரேக்கைப் பிடிம்மா, வளைம்மா" என்று யோசனை சொல்ல ஆரம்பிப்பார்கள். அதைத்தான் தாங்க முடியாது.

நீச்சல் வகுப்பில் சேர்ந்து 12 நாள் ஆகிறது. தண்ணீரில் முகத்தை வைத்தாலே மூச்சு முட்டுகிறது. வயது 47. கோச் "பயப்படாதீங்க சார்" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்வதில்லை.
— வாசகர், திருச்சி

பயப்படாதே என்று சொல்லி யாருக்கும் பயம் போனதில்லை சார். நீங்கள் தண்ணீருக்குள் மூச்சை அடக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் முட்டுகிறது. வீட்டில் ஒரு அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, முகத்தை உள்ளே வைத்து மெதுவாகக் குமிழி விடுங்கள். தலையைத் திருப்பி வாயால் மூச்சை வாங்கி மறுபடியும் விடுங்கள். ஒரு வாரம் போதும். அப்புறம் குளத்தில் இடுப்பளவு ஆழத்திலேயே மிதக்கப் பழகுங்கள். தலையைத் தூக்கினால் கால் அமிழும், இது எல்லோருக்கும் நடக்கும். எங்கள் ஊர்க் கிணற்றில் அண்ணன்களுக்கு முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டித்தான் இறக்கிவிட்டார்கள். அந்தக் குடுக்கை "பயப்படாதே" என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. கோச்சை மாற்ற முடியுமானால் மாற்றுங்கள்.

ஆசைப்பட்டுத் தையல் மிஷின் வாங்கி ஒரு வருஷம். இப்போது அதில் துணி மடித்து வைக்கிறோம். முதல் முயற்சியாக ஜாக்கெட் தைத்தேன், கை உள்ளேயே போகவில்லை.
— வாசகி, ஈரோடு

ஜாக்கெட்டா! கைக்குழி வெட்டுவதுதான் அதில் கஷ்டமான வேலை. ஏணியின் கடைசிப் படியில் ஏறி நின்றுகொண்டு கீழே விழுந்தேன் என்கிறீர்கள். மடித்த துணியை எடுத்துவிட்டு, ஊசியில் நூல் கோக்காமல், கோடு போட்ட நோட்டுத் தாளை மிஷினில் ஓட்டுங்கள். கோட்டின் மேலேயே ஓட்டை விழ வேண்டும். பெடல் மிஷின் என்றால் சக்கரம் பின்னால் சுற்றாமல் இருக்கிற அளவுக்குக் கால் பழகட்டும். அப்புறம் தலையணை உறை, அப்புறம் உள்பாவாடை. ஜாக்கெட்டை தீபாவளி வரைக்கும் டெய்லரிடமே கொடுங்கள், கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

என் கணவர் ரிட்டயர் ஆனதிலிருந்து கீபோர்டு, செஸ், போன்சாய், இப்போது மலையாளம். எதையும் இரண்டு மாதம் தாண்டுவதில்லை. செலவு என் தலையில்.
— வாசகி, கோவை

இனி எதையும் வாங்கக் கூடாது, வாடகைக்கோ இரவலாகவோதான் எடுக்க வேண்டும் என்று ஒரு சட்டம் போடுங்கள். மற்றபடி விட்டுவிடுங்கள். நாலு கதவைத் தட்டிப் பார்க்கிறார், திறக்கிற கதவில் நுழைவார். மலையாளத்துக்குச் செலவும் குறைச்சல். போன்சாய்க்குத் தண்ணீர் ஊற்றுவது இப்போது யார்? நீங்கள்தானே? அப்படியென்றால் கற்றுக்கொண்டது நீங்கள்.

அது சரி, நீங்கள் வீணை வகுப்பில் சேர்ந்து ஒன்றேகால் வருஷம் ஆகிவிட்டதே, இப்போது என்ன வாசிக்கிறீர்கள்?
— வாசகர், தஞ்சாவூர்

தஞ்சாவூர்க்காரர் கேட்பீர்கள் என்று தெரியும். மலஹரி ராகத்தில் ஒரு கீதம், அதாவது ஆரம்பப் பாட்டு. நாலு மாதமாக அதேதான். இந்த ராகத்தில் ஏறும்போது காந்தாரம், அதாவது க, கிடையாது, இறங்கும்போது மட்டும்தான் வரும். ஆனால் சரளி வரிசையில் ஊறிய என் விரல், ஏறும்போதும் க-வில் ஒரு முறை தங்கிவிட்டுத்தான் போகும். போன செவ்வாய்க்கிழமை ஒரு தப்பும் இல்லாமல் வாசித்துவிட்டதாக நினைத்து நிமிர்ந்தேன். பக்கத்துப் பாயிலிருந்து தேன்மிட்டாய் வாயோடு குரல் வந்தது: "பாட்டி, ரெண்டாவது வரில கா வந்துருச்சு."