தோழிக்குக் கொடுத்த காதல் நாவல்கள் எதுவும் பிடிக்கவில்லை. சரியாகப் பரிந்துரைப்பது எப்படி?

கேள்வியில் நீங்கள் சொன்னது இது: எதிரிகள் காதலர்களாக மாறும் கதைகள் பிடிக்கும் என்று தோழி சொல்ல, அதே வகையில் மூன்று சமகாலக் காதல் நாவல்களைத் தேடிக் கொடுத்தீர்கள். மூன்றையுமே பாதியில் மூடிவிட்டார்.

புத்தகங்களைக் குறை சொல்ல வேண்டாம். 'எதிரிகள் காதலர்கள்' என்பது கதை தொடங்கும் நிலையை மட்டும் சொல்கிற ஒட்டுச்சீட்டு. ஒரே பதவி உயர்வுக்குப் போட்டியிடும் இருவர் அதில் வருவார்கள். குடும்பப் பகையில் சிக்கியவர்கள் வருவார்கள். பள்ளியில் அவளை அழ அழக் கிண்டல் செய்தவன் பத்து வருடம் கழித்து நாயகனாக வருவான். அவளைக் கடத்திக்கொண்டு போய் அடைத்து வைக்கும் ஆன்ட்டி ஹீரோவும் அதே பெயரில்தான் வருவான். முதல் கதையைச் சிரித்துக்கொண்டே படிப்பவருக்கு நான்காவது கதை வயிற்றைக் கலக்கும். ஒட்டுச்சீட்டை மட்டும் பார்த்துக் கொடுத்தால் எது கைக்கு வரும் என்பது அதிர்ஷ்டம்தான்.

எனவே ட்ரோப் (இப்படித் திரும்பத் திரும்ப வரும் கதை அச்சு) பெயரைக் கேட்பதை இப்போதைக்கு நிறுத்திவிட்டு இரண்டு கேள்விகள் கேளுங்கள். திரும்பத் திரும்பப் படித்த காட்சி எது? புத்தகத்தின் பெயர் வேண்டாம், காட்சி வேண்டும். வாய்ச்சண்டை நடக்கும் காட்சியைச் சொன்னால் அவருக்கு வேண்டியது உரையாடலின் வேகம். காய்ச்சலில் கிடப்பவளை அவன் கவனித்துக்கொள்ளும் இடத்தைச் சொன்னால் அவர் தேடுவது பரிவு; எதிரி என்ற சேதி அதற்கு ஒரு சாக்கு மட்டும். அப்படிப்பட்டவருக்கு, நண்பர்கள் காதலர்களாகும் கதையே கூடுதலாகப் பிடிக்கலாம்.

இரண்டாவது கேள்வி: எந்த இடத்தில் மூடி வைத்தீர்கள்? இதற்கு வரும் பதில் மிகவும் உதவும். முதல் பத்து சதவீதத்துக்குள் விட்டிருந்தால் கதை காரணமாக இருக்காது, எழுத்தின் குரல்தான் ஒட்டவில்லை. இன்றைய காதல் நாவல்களில் பெரும்பகுதி 'நான்' என்று தன்மையில், நிகழ்காலத்தில், அவள் ஒரு அத்தியாயம் அவன் ஒரு அத்தியாயம் என்று மாறி மாறிப் போகும். சிலருக்கு இந்த நடை எரிச்சலூட்டும். அவர்களுக்குப் படர்க்கையில் எழுதியதைத் தேடித்தான் கொடுக்க வேண்டும். நாற்பது, ஐம்பது சதவீதத்தில் விட்டிருந்தால், இருவரும் அதற்குள் சேர்ந்துவிட்டிருப்பார்கள்; 'இனி என்ன?' என்ற கேள்வி கதையில் இல்லாமல் போயிருக்கும். முக்கால்வாசி தாண்டி மூடினால் அநேகமாகக் காரணம் ஒன்றுதான்: கடைசிக் கட்டப் பிரிவு அவருக்கு நியாயமாகப் படவில்லை.

இந்த மூன்றாவது வகைக் கோபத்தின் வேர், கதையில் உள்ள தடையில் இருக்கிறது. காதல் நாவலை ஆராய்ந்த பமேலா ரெஜிஸ் 2003-இல் வெளியான தன் நூலில், இந்த வகை நாவலுக்கு இன்றியமையாதவை என்று எட்டுக் கூறுகளைச் சொல்கிறார்: சூழ்ந்திருக்கும் சமூகம், சந்திப்பு, ஈர்ப்பு, தடை, காதலைச் சொல்லுதல், எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றும் கட்டம், உண்மை விளங்கும் கட்டம், இணைதல். பரிந்துரை செய்பவர் இவற்றில் ஒன்றை மட்டும் கவனிக்க முடியும் என்றால் தடையைக் கவனிக்கட்டும் என்பேன். மற்றவை பெரும்பாலும் எல்லா நாவலிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு நாவலை இன்னொன்றிலிருந்து பிரிப்பது, இவர்கள் ஏன் இன்னும் சேரவில்லை என்பதற்கான விடை.

சமகாலக் கதை எழுதுபவருக்கு இங்கே ஒரு சிரமம் உண்டு. பழைய காலத்துக் கதைகளில் அந்தஸ்து, சொத்துரிமை, தனியாகச் சந்திக்கவே முடியாத கட்டுப்பாடு என்று தடை வெளியிலிருந்து தயாராக வந்தது. இன்றைய கதையில் வயது வந்த இருவர், இருவர் கையிலும் போன். எதுதான் தடுக்கிறது? அதனால்தான் சமகாலக் காதலில் போலிக் காதல் ஒப்பந்தம், அலுவலக விதி, ஒரே வீட்டைப் பகிர வேண்டிய கட்டாயம் போன்ற ஏற்பாடுகள் இவ்வளவு வருகின்றன. அதனால்தான் பழைய காயம், கைவிடப்படுவோமோ என்ற பயம் போன்ற உள்தடைகளையும் எழுத்தாளர்கள் நம்பியிருக்கிறார்கள். இரண்டும் பலவீனமாக இருந்தால் மிஞ்சுவது புரிதல் கோளாறு ஒன்றுதான்: அவள் யாரோடோ பேசுவதைத் தூரத்திலிருந்து பார்த்தான், பாதி வாக்கியத்தைக் கேட்டான், போய்விட்டான்.

இதைச் சோதிக்க எளிய வழி, 'இருவரும் பத்து நிமிடம் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசினால் கதை முடிந்துவிடுமா?' என்று கேட்டுப் பார்ப்பது. முடிந்துவிடும் என்றால் புதிய வாசகருக்கு அந்தப் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். பேசிய பிறகும் பிரச்சினை அப்படியே நின்றால், உதாரணமாக அவளுக்குக் குழந்தை வேண்டாம் அவனுக்கு வேண்டும், அல்லது இருவரின் வேலையும் வேறு வேறு நாடுகளில் இருக்கிறது என்றால், அந்தப் புத்தகத்துக்கு முதுகெலும்பு இருக்கிறது. பேச முடியாமல் இருப்பதற்கே ஆழமான காரணம் காட்டப்பட்டிருந்தால் அதுவும் நல்ல தடைதான். பேசுவதற்குப் பயப்படும் ஒருவரை முதல் அத்தியாயத்திலிருந்தே நமக்குக் காட்டியிருக்க வேண்டும். எண்பதாவது சதவீதத்தில் திடீரென்று பயப்பட ஆரம்பித்தால் அது கதாசிரியரின் அவசரம்.

ஒவ்வொரு ட்ரோப்பும் சறுக்கும் இடமும் இதிலிருந்து தெரிந்துவிடும். போலிக் காதல் கதையில், அந்தப் பொய் எதற்காகத் தேவைப்பட்டது, வெளிப்பட்டால் யாருக்கு என்ன இழப்பு என்பது முதல் சில அத்தியாயங்களில் நிற்க வேண்டும். இரண்டாம் வாய்ப்புக் கதைதான் எழுதவே கடினமானது: முதல் பிரிவின் காரணம், பிரியும் அளவுக்குக் கனமாகவும் மன்னிக்கும் அளவுக்கு லேசாகவும் இருக்க வேண்டும். அந்தக் காரணத்தைப் பாதிக் கதைக்கு மேல் மறைத்து வைத்து, கடைசியில் 'நீ அனுப்பிய செய்தி எனக்கு வரவே இல்லை' என்று முடித்தால், அத்தனை பக்கம் காத்திருந்தவர் கோபப்படுவது நியாயம். நண்பர்கள் கதையில் கேட்க வேண்டியது, இத்தனை வருடம் இல்லாத மாற்றம் இன்று ஏன் வந்தது என்பது. சிடுசிடு நாயகன், கலகல நாயகி கதையில் அவன் உலகத்திடம் சிடுசிடுக்கிறானா, அவளை மட்டம் தட்டுகிறானா என்று பாருங்கள். முதலாவது இனிக்கும், இரண்டாவது பலருக்குக் கசக்கும். முதலாளியும் ஊழியரும் காதலிக்கும் கதை என்றால், சம்பளம் கொடுக்கும் அதிகாரத்தைக் கதை எப்படிக் கையாள்கிறது என்பதை ஒரு வரியிலாவது சொல்லிக் கொடுங்கள்.

பிரிவுக்குப் பின் வரும் மன்னிப்புக் காட்சிக்கும் இதே அளவு கவனம் வேண்டும். தவறு செய்தவர் எதை விட்டுக்கொடுத்தார், எதை மாற்றிக்கொண்டார்? விமான நிலையத்துக்கு ஓடி வருவதும் ஊர் பார்க்க மண்டியிடுவதும் பார்ப்பவர்களுக்கான காட்சிகள். அவள் பேச்சை எப்போதும் இடைமறித்தவன், அன்று முழுவதும் குறுக்கிடாமல் கேட்டால் அது அவளுக்கான மன்னிப்பு. காயம் எந்த வடிவத்தில் இருந்ததோ அதே வடிவத்தில் பரிகாரம் வந்தால்தான் முடிவு மனதில் நிற்கும். படிக்கும்போதே அந்தப் பக்க எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால் பின்னால் பரிந்துரை எழுதுவது சுலபம்.

முடிவைப் பற்றி. அமெரிக்கக் காதல் எழுத்தாளர்கள் சங்கம் இந்த வகைக்குத் தரும் வரையறையில் இரண்டே நிபந்தனைகள்: காதல் கதை மையமாக இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். காலமெல்லாம் சேர்ந்து வாழ்வார்கள் என்றும் முடியலாம், இப்போதைக்குச் சேர்ந்து மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்றும் முடியலாம். இருவரில் ஒருவர் இறந்துபோகும் கதை மிகச் சிறந்த இலக்கியமாக இருக்கலாம், ஆனால் காதல் நாவல் கேட்டவருக்கு அதைச் சொல்லாமல் கொடுப்பது பெரிய பிழை. 'சஸ்பென்ஸ் போய்விடுமே' என்று தயங்காதீர்கள். இந்த வகையை விரும்புபவர்கள் சேர்வார்கள் என்ற உறுதியோடுதான் உள்ளே வருகிறார்கள். எப்படிச் சேர்வார்கள் என்பதில்தான் அவர்களின் ஆவல்.

அட்டைப்படத்தை நம்ப வேண்டாம். கார்ட்டூன் பாணியில் பளிச்சென்ற நிறங்களில் வரையப்பட்ட அட்டைக்குள் முத்தத்தோடு நின்றுவிடும் கதையும் இருக்கும், படுக்கையறைக் காட்சிகளை முழுமையாக எழுதிய கதையும் இருக்கும். அட்டையிலிருந்து வித்தியாசம் தெரியாது. நெருக்கக் காட்சிகளைப் பற்றி வெட்கப்படாமல் நேராகச் சொல்லிவிடுவது நல்லது: முத்தம் மட்டுமா, கதவு மூடி அடுத்த காலைக்குப் போய்விடுகிறதா, காட்சி முழுக்க எழுதப்பட்டிருக்கிறதா, ஏறத்தாழ எத்தனை இடங்கள். இன்னொன்றும் சொல்லலாம். சில நாவல்களில் அந்தக் காட்சிகளைப் புரட்டிவிட்டுப் போனாலும் கதை புரியும். சிலவற்றில் இருவரின் நம்பிக்கை உடைவதோ உறுதியாவதோ அங்கேதான் நடக்கிறது, தாண்டினால் கதை அறுந்துவிடும்.

வலி தரக்கூடிய விஷயங்களையும் முன்கூட்டிச் சொல்லுங்கள்: துரோகம், வன்முறை, கருச்சிதைவு, பெற்றோர் மரணம். பலரும் மறந்துவிடும் ஒன்று உண்டு. கதைக்குள் குழந்தைப் பேச்சே இல்லாத நாவலிலும் பின்னுரை அத்தியாயத்தில் கர்ப்பமோ குழந்தையோ வந்துவிடும். குழந்தைக்காக ஏங்கிக்கொண்டிருப்பவருக்கும், குழந்தையே வேண்டாம் என்று முடிவு செய்தவருக்கும் அந்த மூன்று பக்கம் முழுப் புத்தகத்தையும் கெடுத்துவிடும். டார்க் ரொமான்ஸ் (கடத்தல், வன்முறை போன்றவை காதலோடு கலந்து வரும் கதைகள்) வகை என்றால் எச்சரிக்கைப் பட்டியலை அவரையே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் சுருக்கிச் சொன்னால் போதாது.

நீளம் கதையின் குணத்தையே மாற்றும். பதிப்பகங்கள் வரிசையாக வெளியிடும் சிறு காதல் நாவல்கள் ஐம்பதாயிரம் சொற்கள் அளவில் இருக்கும். தனி நாவல்கள் எண்பதாயிரம் முதல் ஒரு லட்சம் வரை போகும். வகைக்குப் புதியவருக்குச் சிறியது நல்ல தொடக்கம். ஆனால் மெல்ல மெல்லக் கனியும் காதல் கேட்பவருக்கு அதில் இடம் போதாது. ஐந்தாவது அத்தியாயத்திலேயே முத்தம் வந்தாக வேண்டிய நெருக்கடி இருக்கும். கேட்கும் புத்தகமாக வேண்டும் என்றால் தொண்ணூறாயிரம் சொற்கள் ஏறத்தாழ பத்து மணி நேரம் ஓடும். அவள் அத்தியாயங்களைப் பெண் குரலும் அவன் அத்தியாயங்களை ஆண் குரலும் முழுதாகப் படிப்பது ஒரு முறை. யாருடைய அத்தியாயமானாலும் அவரவர் வசனத்தை அவரவர் குரலே பேசுவது இன்னொரு முறை. முதல் முறையில் ஆண் குரல் நாயகியைப் போல மெல்லிய தொனியில் பேசுவது சிலருக்குத் தாங்காது, எனவே மாதிரியைக் கேட்டுவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

தொடர் வரிசை என்றால் இரண்டு வகை. அண்ணன் தம்பிகள், தோழிகள் என்று ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு ஜோடி இருந்தால் எங்கிருந்தும் தொடங்கலாம். ஒரே ஜோடியின் கதை இரண்டு பாகமாக உடைந்திருந்தால் முதல் பாகம் அந்தரத்தில் நிற்கும். அதை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

இதையெல்லாம் சேர்த்து ஒரு பரிந்துரை எப்படி இருக்கும் என்பதற்கு, கற்பனையாக ஒன்று: 'விவாகரத்தான ஆசிரியையும், பக்கத்து வீட்டைப் பழுதுபார்க்க வந்த தச்சரும். தடை உள்ளுக்குள்: இவள் இன்னொரு முறை ஒருவரைச் சார்ந்து வாழப் பயப்படுகிறாள். படர்க்கை நடை, இருவர் பார்வையும் உண்டு. முதல் முத்தம் பாதிக்கு மேல். கதவு மூடிவிடும். கடைசிப் பிரிவு உண்டு, புரிதல் கோளாறால் இல்லை. முன்னாள் கணவனின் சுடுசொற்கள் இரண்டு அத்தியாயங்களில் வரும். பின்னுரையில் குழந்தை இல்லை. முதல் மூன்று அத்தியாயம் மெதுவாகப் போகும், நான்காவதில் பிடித்துக்கொள்ளும்.' இதில் 'அருமை', 'கண்ணீர் வந்தது' என்ற சொற்கள் எதுவும் இல்லை. ஆனாலும் தனக்கு இது ஒத்துவருமா என்று படிப்பவர் அரை நிமிடத்தில் முடிவு செய்ய முடியும். மெதுவான தொடக்கத்தை ஒப்புக்கொண்டதால் மற்ற வரிகளையும் நம்புவார்.

உங்கள் தோழிக்கு இப்போதைக்கு மூன்று புத்தகங்கள் வேண்டாம், ஒன்று போதும். மின்நூல் என்றால் பெரும்பாலும் முதல் பத்து சதவீதம் வரை மாதிரியாக இலவசமாகக் கிடைக்கும். இரண்டு மாறுபட்ட நடைகளில் இரண்டு மாதிரிகளை அனுப்பி, எதில் அடுத்த அத்தியாயம் தேடினார் என்று கேளுங்கள். குரல் முடிவானதும் மேலே சொன்ன பத்து நிமிடச் சோதனையில் தேறிய ஒரு நாவலை அந்த நடையிலேயே கொடுங்கள். அதையும் மூடிவிட்டால், எந்தப் பக்கத்தில் என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த தேர்வுக்கு அந்தப் பக்க எண்தான் வேண்டும்.